அம்மா வைத்த பெயர் பிரஷர் மாத்திரை

கார உலோகங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அம்பத்தூரில் ஒரு டியூஷன் சென்டரில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன் என்பது முதல் காரணம். அந்த உலோகங்களில் ஒன்றை தினமும் இரண்டு வேளை விழுங்குகிறேன் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணத்தைப் பேனர் அடித்து மின்கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறோம். இரண்டாவது காரணத்தை என் அம்மா ஒரு இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு, துணி பீரோவில் பூட்டி வைத்திருந்தாள்.

லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம். பாடப் புத்தகத்தில் ஒரே வரிசையில் மேலிருந்து கீழாக நிற்பார்கள். எல்லாருக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலெக்ட்ரான். அதை யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் என்று அலைவார்கள். தண்ணீரில் போட்டால் லித்தியம் மெல்லச் சீறும். சோடியம் உருண்டையாகத் திரண்டு அங்குமிங்கும் ஓடும். பொட்டாசியம் ஊதா நிறத்தில் பற்றிக்கொள்ளும். அதற்குக் கீழே இருப்பவர்கள் தண்ணீர் பட்ட உடனே வெடிப்பார்கள். பக்கத்து வரிசையில் மெக்னீசியம், கால்சியம் என்று காரமண் உலோகங்கள். இவர்களுக்கு இரண்டு எலெக்ட்ரான், கொஞ்சம் நிதானம், பார்த்தால் குடும்பஸ்தர்கள் மாதிரி இருப்பார்கள். எங்கள் கள்ளிக்குப்பத்து போர்வெல் தண்ணீரில் கரைந்து வந்து, பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, சோப்பை நுரைக்க விடாமல் அடிக்கிறவர்கள் இந்தக் குடும்பஸ்தர்கள்தான்.

எனக்குப் பைத்தியம் பிடித்ததும் இவர்களை முன்னிட்டுத்தான்.

கல்லூரி முடித்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிது. திடீரென்று தூக்கம் போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அத்தனை உற்சாகம், அத்தனை யோசனை. கள்ளிக்குப்பத்துத் தண்ணீரை மொத்தமாக மென்னீராக்கும் வழி இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. வீடு வீடாகப் போய் பக்கெட்டுகளை வாங்கி வந்து மொட்டை மாடியில் அடுக்கினேன். மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு வரவழைத்தேன். வேலைக்குப் போகிறவர்களை வண்டியோடு நிறுத்தி கால்சியம் பைகார்பனேட்டை விளக்கினேன். தெருவில் ஒருத்தர்கூட சந்தேகப்படவில்லை. நல்ல தண்ணீர் தருகிறேன் என்று மைக் பிடித்து வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஜனங்கள். நான் மைக் இல்லாமல் வந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கெட்டு திரும்பி வராத பிறகுதான், "இன்னாம்மா, உம்புள்ளைக்கு இன்னா ஆச்சு?" என்று அம்மாவிடம் வந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு உற்சாகம் வந்த வேகத்தில் இறங்கிவிட்டது. சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. வேலை போயிற்று. அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள், கயிறு கட்டினாள், வேப்பிலை அடித்தாள். கடைசியில், வேறு வழியில்லாமல், டாக்டரிடமும் அழைத்துப்போனாள்.

மனநல டாக்டர் ரொம்ப நிதானமான மனிதர். மனசு சில நாள் உச்சிக்குப் போகும், சில நாள் பாதாளத்தில் விழும், இது ஒரு நோய், இதற்கு லித்தியம் கார்பனேட் என்று ஒரு மருந்து இருக்கிறது, கேட்டதும் பயப்படாதீர்கள், உலோகத்தை அப்படியே தருவதில்லை, அதன் உப்பைத்தான் தருகிறோம் என்றார். வேதியியல் படித்தவனிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. பிறகு இரண்டு விஷயம் சொன்னார். அவ்வப்போது ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும். அடுத்தது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைக் குறைக்கவே கூடாது.

காரணம் எளிது. உடம்பில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் பதறிப்போய், வெளியே போகிற சோடியத்தை எல்லாம் பிடித்துப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். அந்தப் பதற்றத்தில் அதற்கு லித்தியத்துக்கும் சோடியத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிடும். ரத்தத்தில் லித்தியம் ஏறும், ஏறினால் விஷம். லித்தியம் தன் வரிசையில் இருப்பவர்களோடு ஒத்துப்போகாது, மூலைவிட்டத்தில் இருக்கிற மெக்னீசியத்தைத்தான் ஒத்திருக்கும் என்று புத்தகத்தில் தனித் தலைப்பே உண்டு. ஐந்து மதிப்பெண் கேள்வி. என்ன செய்ய, சிறுநீரகம் ப்ளஸ் ஒன் படிக்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. தூக்கம் வந்தது, பசி வந்தது, டியூஷன் வேலை வந்தது. எல்லாம் வந்த பிறகு அம்மாவுக்கு அடுத்த கவலை வந்தது.

"நைனா, யார்னா கேட்டா பிரஷர் மாத்தரன்னு சொல்லு."

"எதுக்கும்மா பொய்?"

"பிரஷர் மாத்தர போடாத ஆளு இந்தத் தெருவுல யாருகீறா? பைத்தியத்துக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? பிரஷருக்கு குடுப்பான்."

அம்மாவின் சமூக ஆராய்ச்சியில் குறை சொல்ல முடியாது. ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை பிரஷரும் சுகரும் ஒரு அந்தஸ்து. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால், யார் எத்தனை எம்.ஜி. போடுகிறார்கள் என்று சம்பளத்தைப் பேசுகிற மாதிரி பேசிக்கொள்வார்கள். மனசுக்கு மாத்திரை என்றால் மட்டும் பந்தியில் பக்கத்து நாற்காலி காலி. ஆகவே மாதா மாதம் வாங்கி வருகிற மாத்திரையை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, பெயர் போட்ட அட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் டப்பாவில் கொட்டுவாள். அமாவாசைக்கு விளக்கு வைப்பது போல அத்தனை சிரத்தை.

பெண் காட்டுப்பாக்கத்தில் அமைந்தது. அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலம் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட் நிற்கிறது. இவர்கள் அதற்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறார்கள். பெண் பூந்தமல்லியில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறாள். அப்பா இல்லை. அண்ணன்தான் எல்லாம்.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, உலகத்திலேயே உண்மையை மட்டும் பேசுகிற பெண்மணியின் முகத்தோடு, "பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க. பையனுக்கு லேசா பிரஷர் கீது. மாத்தர போடறான்" என்றாள்.

அண்ணன் தரையைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் அப்பா போனதே பிரஷரில்தான் என்று எங்களுக்குத் தெரியாது. தலைக்கு ஏறி, ஒரு பக்கம் இழுத்து, ஒரே வாரத்தில் போயிருக்கிறார். அம்மா தெருத் தெருவாக விசாரித்துத் தேர்ந்தெடுத்த நல்ல நோய், சரியாக அந்த ஒரு வீட்டில் மட்டும் செல்லாத நோயாக இருந்தது. சரி, பஜ்ஜியோடு முடிந்தது கதை என்று நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தாள்.

"மாத்தர ஒழுங்கா போடறீங்களா?"

"ஒரு வேளைகூட விட்டதில்லங்க."

இது மட்டும் கலப்படமில்லாத உண்மை. அவள் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தாள். தை மாதம் கல்யாணம்.

சீர்வரிசையில் கட்டில், பீரோ, கிரைண்டரோடு ஒரு பிரஷர் பார்க்கும் மெஷினும் வந்தது. அதை எடுத்து வைத்தபோது அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுவாரத்திலிருந்து எங்கள் வீட்டில் உப்புக்கு ஊரடங்கு. குழம்பில் இல்லை, ரசத்தில் இல்லை, இட்லி மாவில்கூட இல்லை. ஊறுகாய் ஜாடி எதிர் வீட்டுக்குத் தானமாகப் போயிற்று. அப்பளம், வடகம், கருவாடு, மோர் மிளகாய் எதற்கும் வீட்டுக்குள் நுழைய அனுமதி கிடையாது. உப்பில்லாத ரசத்தை நீங்கள் குடித்திருக்கிறீர்களா? புளி ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம், ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி நிற்கும். நான் மனைவியிடம் கெஞ்சினேன்.

"ஒரு சிட்டிகை போடும்மா. வாய் செத்துப்போச்சு."

"எங்கப்பாவும் இத்தான் சொல்வாரு" என்பாள். அதற்கு மேல் எவன் பேசுவான்?

இதுதான் இந்தப் பொய்யின் அழகு. உப்பு எனக்கு அவசியம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணத்தைச் சொன்னால் மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். நான் கேட்கக் கேட்க, பிரஷர்காரர்களின் நாக்கு இப்படித்தான் அலையும் என்று அவள் இன்னும் கெட்டியாகப் பிடித்தாள். தினமும் காலையில் கையில் பட்டையைச் சுற்றி மெஷினை அமுக்குவாள். எனக்குத்தான் பிரஷரே கிடையாதே, கச்சிதமாக நார்மல் காட்டும். அவள் முகம் பூரித்துப்போகும். "பாத்தீங்களா? உப்ப நிறுத்தினதுக்கு எப்டி கன்ட்ரோல் ஆய்கீது!" என்று அண்ணனுக்கு போன் போட்டுச் சொல்வாள். வராத நோயை இத்தனை வெற்றிகரமாகக் குணப்படுத்திய மருத்துவர் சென்னையிலேயே என் மனைவி ஒருத்திதான்.

ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா முந்தானைக்குள் கையை விட்டு எதையோ எடுத்துத் தன் தட்டில் மட்டும் தூவிக்கொண்டதைப் பார்த்தேன். பழைய பவுடர் டப்பாவில் கல் உப்பைப் பொடித்து வைத்திருக்கிறாள்! மருமகள் அடுப்படிக்குப் போனதும் நான் தட்டை நீட்டினேன்.

"கம்முனு துன்னுடா. அவ பாத்தா இன்னா ஏதுன்னு கேப்பா. உப்பு கொறஞ்சா ஒடம்புக்கு நல்லதுதான்" என்று டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினேன். "அந்தாளு ஆயிரம் சொல்வான்" என்று முடித்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்றால் மனைவி கூட வருவேன் என்றாள். அம்மா என்னைக் கண்ணால் எரித்தாள். பரிசோதனை தள்ளிப்போயிற்று.

அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது டியூஷன் சென்டர் வாசலில் இருந்த பஜ்ஜிக் கடை. சாயங்காலம் வகுப்புக்கு முன்னால் மிளகாய் பஜ்ஜி, உப்புத் தூக்கலான காரச் சட்னி, வாங்கிச் சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவேன். "அண்ணாத்தே, சட்னிய குடிக்கிற ஆள இப்பதான் பாக்கறேன்" என்று கடைக்காரர் சிரிப்பார். குடித்தேன், ஆமாம். என் சிறுநீரகத்தின் மானத்தை ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு சட்னி காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வகுப்பில் எனக்கு ஒரு பழக்கம். படிக்காத பிள்ளைகளைப் பார்த்து, "சோத்துல உப்பு போட்டுத்தான் சாப்பிடுறீங்களா?" என்று கத்துவேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வாக்கியம் தொண்டை வரை வந்து நின்றுவிடும். அந்த வருஷம் பிள்ளைகள் என்னிடம் திட்டு வாங்காமல் பிழைத்தார்கள்.

பிறகு கோடை விடுமுறை. சென்டரைப் பூட்டினார்கள். பஜ்ஜிக் கடைக்காரர் அடுப்பை மூடிவிட்டு ஊருக்குப் போனார். வெளியே கத்திரி வெயில், உள்ளே கரண்ட் கட், உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்ச உப்பும் வியர்வையில் போயிற்று. வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் மனைவியின் மருத்துவச் சமையல். காலையில் அவள் தனக்கு ஒரு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஏறுவாள். அதில் மட்டும் உப்புப் போட்டு வைத்திருப்பாள் என்று நான் மனசுக்குள் கறுவிக்கொண்டிருப்பேன். புருஷனுக்கு மண்ணு, உனக்கு மட்டும் புளியோதரையா என்று.

முதலில் கை நடுங்கியது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு லேசான நடுக்கம் சகஜம், நானும் கண்டுகொள்ளவில்லை. பிறகு டம்ளர் நடுங்கியது, அதிலிருந்த காபி சட்டையில் நடுங்கியது. "நரம்புத் தளர்ச்சி" என்றாள் அம்மா. மனைவிக்கு வேறு பயம். அப்பாவுக்கும் முதலில் கைதான் நடுங்கியதாம். அவசரமாக மெஷினை எடுத்தாள், நார்மல். அப்படியும் நிம்மதி வரவில்லை. எங்கேயோ உப்பு ஒளிந்திருக்கிறது என்று சமையலறையைச் சல்லடை போட்டுச் சலித்து, பிஸ்கட்டையும் ரொட்டியையும்கூட நிறுத்தினாள். கீரையில் இயற்கையாகவே உப்பு இருக்கிறதாம், யாரோ போனில் அனுப்பிய வீடியோ. அதையும் நிறுத்தினாள். நடுக்கம் கூடக் கூட உப்பு குறைந்தது, உப்பு குறையக் குறைய நடுக்கம் கூடியது. பயம் எனக்கும் வந்துவிட்டது. இது என்ன என்று எனக்குத் தெரியும். இன்று சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தபோது வாந்தி ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்ரூமுக்குப் போக எழுந்தவன், குடிகாரன் மாதிரி தள்ளாடி கிரைண்டர் மேல் விழுந்தேன். பேசப் பார்த்தால் நாக்கு பாதி வழியில் நின்றது. வாய் குழறியதைக் கேட்டதும் மனைவி போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. "எங்கப்பாக்கும் இப்டிதான், எங்கப்பாக்கும் இப்டிதான்" என்று சொல்லிக்கொண்டே என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டாள்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இவரு என்ன மாத்திரை சாப்பிடறாரு?"

"பிரஷர் மாத்தரம்மா" என்றாள் அம்மா.

"பேரு?"

"வெள்ளையா, ரவுண்டா இருக்கும்."

புள்ளை சாகக் கிடக்கிறான், அப்போதும் அம்மாவின் வாயில் வந்தது அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் வாய் வரவில்லை.

மனைவி தினமும் பிரஷரைக் குறித்து வைத்திருந்த தன் போனை நீட்டினாள். "மேடம், டெய்லி பாக்கறேன் மேடம். தோ பாருங்க, எல்லாமே நார்மல். உப்பு கண்ணுலயே காட்றதில்ல மேடம். அப்டிகீறப்ப எப்டி மேடம் இப்டி ஆவும்?"

டாக்டரம்மா என் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "உடம்புல தண்ணியே இல்ல. சலைன் ஏத்துங்க சிஸ்டர், ரத்தம் எடுத்து அனுப்புங்க" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

சிஸ்டர் பாட்டிலை மாட்டினாள். பில் போடுகிறவளுக்கு எதையும் படித்துப் பார்க்கிற பழக்கம். லேபிளைப் படித்தாள் என் மனைவி. சோடியம் குளோரைடு.

"சிஸ்டர், இது உப்புத் தண்ணிதான?"

"ஆமாம்மா. தள்ளு."

"பிரஷர் பேஷன்ட்டுக்கு உப்புத் தண்ணி ஏத்துவீங்களா? மாசக் கணக்குல ஒரு கல்லு உப்பு உள்ள போவாம பாத்துகினு கீறேன், நீங்க பாட்டில் பாட்டிலா ரத்தத்துல ஏத்துவீங்களா? உட மாட்டேன்!"

கட்டிலுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் புகுந்து நின்றுகொண்டாள். சிஸ்டர் கத்தினாள். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். கை இரண்டையும் விரித்துக்கொண்டு, தலை கலைந்து, அந்தப் பாட்டிலை என்னிடம் நெருங்க விடாமல் நிற்கிறாள். என்னைப் பிழைக்க வைக்கிற ஒரே சாமான் அந்தப் பாட்டில்தான். அது எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கும் பாதியாவது தெரியும். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள்.

அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வகுப்பில் நாள் முழுக்க நாக்கு சுளுக்காமல் சொல்கிற வார்த்தை அது. அன்றைக்குத் தொண்டையிலிருந்து அதை இழுத்து வெளியே போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"லி... லித்தியம்."

சிஸ்டர் நிறுத்தினாள். டாக்டரம்மா இரண்டு கட்டில் தள்ளியிருந்து திரும்பினார். நான் இன்னொரு முறை சொன்னேன். அவர் ஓடி வந்தார்.

"லித்தியமா? மனசுக்கு மாத்திரை எடுக்கறீங்களா? எவ்வளவு நாளா?"

"வருஷக் கணக்கா" என்றேன்.

"லித்தியம் போடறவருக்கு உப்பை நிறுத்தினா என்ன ஆகும் தெரியுமா? மருந்தே விஷமாயிடும். யாரும்மா உப்பை நிறுத்தினது?"

"நாந்தான்" என்றாள் என் மனைவி.

அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். சண்டை எல்லாம் அதிலிருந்து இறங்கிப்போயிருந்தது. டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்து நகர்த்தி, "இந்த உப்புத் தண்ணிதாம்மா இப்ப இவருக்கு மருந்து" என்றார். அவள் நகர்ந்தாள். ஊசி ஏறியது. பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக சோடியம் உள்ளே போய், என் சிறுநீரகத்திடம், போதும் விடப்பா, பிடித்து வைத்திருக்கிறவனை வெளியே அனுப்பு என்று சொல்ல ஆரம்பித்தது. ரத்தத்தில் லித்தியம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் டயாலிசிஸ் வரைக்கும் போயிருக்கும் என்றார்கள்.

நாக்கு சரியாக மறுநாள் ஆயிற்று. கண் விழித்தபோது அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காட்டுப்பாக்கத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அண்ணன் வந்து கூப்பிட்டிருக்கிறார், அவள் போகவில்லை. அம்மா வராந்தாவில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே வர மருமகள் கூப்பிடவுமில்லை, தடுக்கவுமில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கெட்டுகள், சுண்ணாம்பு மூட்டை, சுவரைப் பார்த்துப் படுத்தது, இருமல் மிட்டாய் டப்பா. கேலியாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்றும் அப்படியே ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. பாதியில் என் கேலி தானாக நின்றுபோயிற்று.

"எங்கப்பாக்கு நாந்தான் சோறாக்கிப் போடுவேன்" என்றாள். "உப்பு பத்தலம்மா, இன்னும் கொஞ்சம் போடும்மான்னு கேப்பாரு. கேக்கறப்பல்லாம் போட்டேன். செத்துட்டாரு. உங்களுக்கு, நீங்க கேக்க கேக்க போடல."

"உம்மேல எந்தத் தப்பும் இல்ல."

"அத்த நீங்க சொல்லாதீங்க."

பிறகு பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பிரஷர்னு ஒங்கம்மா சொன்னாங்கல்ல, எங்கண்ணன் வோணாம்னுச்சு. நாந்தான் ஒத்துகினேன். எங்கப்பாவத்தான் பாத்துக்கல, இந்தாளையாச்சும் ஒழுங்கா பாத்துக்கலாம்னு. அதுக்கோசரந்தான் ஒத்துகினேன்."

அம்மா மறைத்தது எனக்குப் பெண் கிடைக்க வேண்டும் என்பதற்காக. கிடைத்தவளோ அந்தப் பிரஷருக்காகத்தான் வந்திருக்கிறாள். "லித்தியம்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

"தெர்ல. சொல்லியிருந்தாதான தெரியும்? சொன்னீங்களா?"

ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தோம். மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை மருந்துக் கடைக்கு அவளே போய், அட்டையோடு வாங்கி வந்து, சமையலறை அலமாரியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். பக்கத்து வீட்டம்மா வந்தபோது அம்மா பதறிப்போய் அதை முந்தானையால் மூடப் பார்த்தாள். "உட்டுடுங்க அத்தே" என்றாள் மருமகள். அன்று மத்தியானம் அம்மா தன் இடுப்பிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்து, யாரையும் பார்க்காமல், அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அந்த டப்பாவைத் திறந்து, கையில் உப்பை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கை இறங்கவில்லை.

"எவ்ளோ போடணும்?"

"எல்லார் ஊட்லயும் போடற மாதிரி."

போட்டாள். சோறு பிசைந்து முதல் வாய் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், அத்தனை ருசி. அவளும் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தவள் முகத்தைச் சுளித்து, தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"இன்னாம்மா?"

"எனக்கு ரொம்பக் கரிக்குது."

சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் அவளையே பார்த்தேன். தினமும் காலையில் அவள் கட்டிக்கொண்டு போன டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது.

"அப்ப நீயும் இத்தன நாளா உப்பில்லாமதான் சாப்ட்டியா?"

"பின்ன?" என்றாள், நான் என்னவோ புரியாததைக் கேட்டுவிட்ட மாதிரி. "ஒரு ஊட்ல ரெண்டு கொழம்பா வெப்பாங்க?"